கூட்டு நாயகனும் தளபதியும்: ஓர் ஆர்ஜென்ரீனச் சித்திரக்கதையின் வரலாறு

சித்திரக்கதை பற்றியும் ஒரு கட்டுரையா என்று இச்சஞ்சிகையின் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். எம்மில் பலர் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள். பின்னர் 'தீவிர' வாசிப்புக்குள் நுழைந்ததும் அந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டவர்கள். மாயாவி தமிழுக்கு வந்தது பிரித்தானியாவின் 'வலியன்ற்' என்ற சிறுவர் வார இதழிலிருந்து. 1960களில் அதே இதழில் வேறொரு தொடருக்குப் படம் வரைந்தவர் பிரான்சிஸ்கோ சொலானோ லோப்பஸ் என்ற ஆர்ஜென்ரீன ஓவியர். ஐரோப்பாவுக்கு வருமுன் தனது நாட்டில் அவர் வரைந்து முடித்திருந்த ஒரு தொடரே இக்கட்டுரையின் பொருள்.

அத்தொடரின் பெயர் 'எல் எத்தர்நௌத்தா'. 'நித்தியத்தில் பயணிப்பவன்' என்று பொருள் கொள்ளலாம். எழுதியவர் எக்தோர் ஹெர்மான் ஓஸ்ரர்ஹெல்ட். 1957 செப்ரெம்பர் 4இல் தொடங்கி 1959 வரை, 'ஓரா சேரோ' என்ற சஞ்சிகையின் வார இணைப்பில் நூறு வாரங்களுக்கு மேலாக அது வெளிவந்தது. முதலாம் பாகத்தை நான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வாசித்தேன். 1976இல் தொடங்கிய இரண்டாம் பாகத்தை, என்னைப்போலவே அகதியாக இங்கு வந்து சேர்ந்த ஒரு சிலி நாட்டு நண்பரின் உதவியோடு ஸ்பானிய மூலத்தில் வாசித்தேன். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது ஏற்பட்ட சங்கடமே என்னை இதை எழுதத் தூண்டியது. ஊழிக்குப் பின் மக்களைக் காப்பாற்றுவது யார் என்ற கேள்விக்கு, ஒரே எழுத்தாளர், ஒரே நாயகனை வைத்து, இருபது வருட இடைவெளியில் இரண்டு எதிரெதிரான பதில்களைச் சொல்லியிருக்கிறார். அந்த இருபது வருடங்களில் என்ன நடந்தது என்பது ஒரு நாட்டின் வரலாறு. அது எமக்கு அந்நியமான வரலாறும் அல்ல.

ஓஸ்ரர்ஹெல்ட் 1919இல் புவனஸ் அயர்ஸ் நகரில் பிறந்தவர். புவியியற் பாறைகளைப் படித்த விஞ்ஞானப் பட்டதாரி. சிறுவர் கதைகளிலிருந்து சித்திரக்கதைக்கு வந்தவர். 1950களில், அப்போது ஆர்ஜென்ரீனாவில் வாழ்ந்துகொண்டிருந்த இத்தாலிய ஓவியர் ஊகோ பிராற்றுடன் சேர்ந்து 'சார்ஜன்ற் கேர்க்', 'ஏர்ணி பைக்' ஆகிய தொடர்களை எழுதினார். ஏர்ணி பைக் ஒரு போர்ச் செய்தியாளன். அவன் சொல்லும் கதைகளில் எதிரிப் படையாளும் பயப்படுகிறான், வீட்டை நினைக்கிறான், சாகிறான். அமெரிக்கப் போர்ச் சித்திரக்கதைகள் கொழுத்த தாடையும் வெற்றிப் புன்னகையுமாக வந்துகொண்டிருந்த காலத்தில் இது சாதாரண விடயமல்ல. 1957இல் ஓஸ்ரர்ஹெல்ட் தனது சகோதரருடன் சேர்ந்து 'ஃபுரொந்தேரா' என்ற சொந்தப் பதிப்பகத்தை ஆரம்பித்தார். 'எத்தர்நௌத்தா' அந்தப் பதிப்பகத்தில் பிறந்தது.

கதை இவ்வாறு தொடங்குகிறது. ஒரு சித்திரக்கதை எழுத்தாளன் நள்ளிரவில் தனது மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறான். எதிரே உள்ள வெற்றுக் கதிரை கிறீச்சிடுகிறது. அதில் ஒரு மனிதன் மெல்ல மெல்ல உருக்கொள்கிறான். அவன் பெயர் ஹுவான் சால்வோ. அவன் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான்.

ஒரு குளிர்கால இரவு. நகரத்தின் வடக்குப் புறநகரில், சால்வோவின் வீட்டு மேல்மாடியில் நான்கு நண்பர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். சால்வோ சிறியதொரு மின்மாற்றித் தொழிற்சாலை வைத்திருப்பவன். ஃபவாலி பௌதிகவியற் பேராசிரியர். லூக்கஸ் வங்கி ஊழியர். பொல்ஸ்கி ஓய்வுபெற்றவர், வயலின் செய்வது அவரது பொழுதுபோக்கு. வானொலியில் பசிபிக் சமுத்திரத்தில் நடந்த அணுப் பரிசோதனை பற்றிய செய்தி வருகிறது. திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. வெளியே ஒளிரும் பனி பெய்கிறது. பனித்தூள் பட்ட எவரும் அந்த இடத்திலேயே விழுந்து சாகிறார்கள். குடும்பத்தை நினைத்துப் பதறிய பொல்ஸ்கி வெளியே ஓடுகிறார். சில அடிகள்தான் போகமுடிகிறது.

சன்னல்களின் இடுக்குகளை அடைத்து வீட்டுக்குள்ளே இருந்ததால் மற்றவர்கள் பிழைக்கிறார்கள். அதன்பின் வரும் பக்கங்களே இந்தத் தொடரின் உயிர் என்பது என் கருத்து. அங்கு மாயசக்தி எதுவும் இல்லை. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, சாப்பாடு எத்தனை நாட்களுக்குப் போதும், பனி ஊடுருவாத உடை ஒன்றை எதனால் செய்வது என்று அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். நீர்மூழ்குவோர் அணியும் கண்ணாடி முகமூடியும் வடிகட்டியும் பொருத்திய அந்த உடையை அணிந்துகொண்டு சால்வோ முதன்முறையாகத் தெருவில் இறங்குகிறான். இன்றைக்கு ஆர்ஜென்ரீனாவின் சுவர்களில் காணப்படும் பிரபலமான உருவம் அதுதான். அவன் போவது போர்க்களத்துக்கு அல்ல. ஆணி, சுத்தியல் விற்கும் இரும்புக்கடைக்கு.

1970களின் நடுப்பகுதியில் இத்தொடர் நூலாக மறுபதிப்பானபோது ஓஸ்ரர்ஹெல்ட் ஒரு முன்னுரை எழுதினார். ரொபின்சன் குரூசோவின் கதை தன்னைச் சிறுவயதிலிருந்தே கவர்ந்தது என்றும், தன் கதையில் தீவைச் சுற்றியிருப்பது கடலல்ல, மரணம் என்றும் அதில் கூறுகிறார். தன் ரொபின்சன் தனியனல்லன் என்றும் சொல்கிறார். குடும்பமும் நண்பர்களும் அவனோடு இருக்கிறார்கள். ஆகவே உண்மையான நாயகன் ஒரு கூட்டு நாயகன், ஒரு மனிதக் குழு என்பதே அவர் தரும் விளக்கம். இதனைப் பிரதியும் நிரூபிக்கிறது. சால்வோ கதையைச் சொல்பவன் மட்டுமே. தொழில்நுட்ப அறிவு ஃபவாலியுடையது. பின்னர் வந்து சேரும் பிராங்கோ என்ற கடைசல் தொழிலாளி பல தடவைகள் எல்லோரையும் காப்பாற்றுகிறான். நடப்பவற்றைக் குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கும் மொஸ்கா என்ற வரலாற்றாசிரியனும் குழுவில் உண்டு. எவரை எடுத்துவிட்டாலும் கதை நின்றுவிடும்.

ஆனால் இக்குழுவில் பெண்கள் எங்கே என்ற கேள்வி எழுகிறது. சால்வோவின் மனைவி எலேனாவும் மகள் மார்த்தீத்தாவும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருத்தப்படுகிறார்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள், கவலைப்படுகிறார்கள். கூட்டு நாயகன் என்பது ஆண்களின் கூட்டாகவே இருக்கிறது. 1957இன் வரம்பு என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். மன்னிக்கவேண்டிய அவசியமில்லை.

எதிரிகள் பற்றிய சித்திரிப்பும் கவனத்துக்குரியது. முதலில் வருபவை ராட்சத வண்டுகள். அவற்றின் பிடரியில் பொருத்தப்பட்ட கருவி மூலம் வேறு யாரோ அவற்றை இயக்குகிறார்கள். பிடிபட்ட மனிதர்களின் பிடரியிலும் அதே கருவி பொருத்தப்பட்டு, அவர்கள் தம்மவருக்கு எதிராகவே ஏவப்படுகிறார்கள். இவர்களை இயக்குபவர்கள் எண்ணற்ற விரல்களைக் கொண்ட 'கைகள்' எனப்படுவோர். அவர்களும் அடிமைகளே. அவர்களது உடலில் ஒரு பயச்சுரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பயம் தோன்றியதும் அது நஞ்சைச் சுரந்து அவர்களைக் கொன்றுவிடும். எனவே அடிபணியாமை என்பதே அவர்களுக்குச் சாத்தியமில்லை. எல்லோருக்கும் மேலே இருப்பவர்கள் 'அவர்கள்'. அந்த 'அவர்களை' நாம் ஒரு சட்டகத்திலும் காண்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் எதிரி ஒவ்வொருவரும் இன்னொருவரின் கைதி. அதிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பது பற்றிச் சிறுவர் இதழொன்றில் இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியுமா தெரியவில்லை. பிடிபட்ட ஒரு 'கை' சாகும் தறுவாயில், சமையலறையிலிருந்த ஒரு கோப்பிப் பாத்திரத்தைப் பார்த்து அதன் அழகை வியக்கிறது. தனது கிரகத்தின் பாடலொன்றைப் பாடிக்கொண்டே உயிர்விடுகிறது.

சொலானோ லோப்பஸின் ஓவியங்கள் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவை அழகான ஓவியங்கள் அல்ல. மலிவான தாளில், வாரக் கெடுவுக்குள் வரையப்பட்டவை. சட்டகங்களை ஆக்கிரமிப்பவை முகங்கள். நெற்றிச் சுருக்கம், சவரம் செய்யாத தாடை, நித்திரையின்மை, பயம். எமது அயல்வீட்டாரின் முகங்கள் போன்றவை. இயந்திரங்களையும் பூச்சிகளையும்விட இந்த முகங்களிலேயே அவரது கவனம் தங்குகிறது. கறுப்பு வெள்ளையில் பனியை வரைவதென்றால் தாளை வெறுமையாக விடுவதுதான். கனத்த கறுப்புக்கிடையே விடப்பட்ட இந்த வெறுமைதான் இங்கு மரணம். பனி பெய்யும் இடங்களோ ஒவ்வொரு வாசகனும் அன்று காலை கடந்துவந்த இடங்கள். ஜெனரல் பாஸ் நெடுஞ்சாலை, ரிவர் பிளேற் உதைபந்தாட்ட மைதானம், இத்தாலிச் சதுக்கம், பாராளுமன்றச் சதுக்கம். உலகம் அழிவது எப்போதும் நியூயோர்க்கிலும் லண்டனிலும்தான் என்ற வழக்கத்தை இத்தொடர் முறித்தது. அழிவு உங்கள் பேருந்துத் தரிப்பிடத்துக்கும் வரும் என்றது.

அந்நகரத்தவருக்கு அது புதிதல்ல. 1955 யூன் 16இல் ஆர்ஜென்ரீனக் கடற்படையின் விமானங்களே, ஜனாதிபதி பெரோனைக் கொல்லும் நோக்குடன், புவனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தின்மீது குண்டுவீசின. 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செப்ரெம்பரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 'எத்தர்நௌத்தா'வின் முதல் வாசகர்கள் வானத்திலிருந்து மரணம் விழுவதை இரண்டு வருடங்களுக்கு முன்னர் கண்டவர்கள். கதையின் பிற்பகுதியில், பனி விழாத பாதுகாப்பான வலயங்கள் உள்ளன, அங்கே வாருங்கள் என்று வானொலி அறிவிக்கிறது. நம்பிச் சென்றவர்கள் பொறிக்குள் விழுகிறார்கள். இந்தப் பக்கங்களில் நான் நீண்டநேரம் நின்றுவிட்டேன். 2009இன் பாதுகாப்பு வலயங்களை அறிந்த எவருக்கும் காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

தப்பியோடும் முயற்சியில் சால்வோ கால இயந்திரமொன்றை இயக்கிவிட, மனைவியும் மகளும் அவனும் வெவ்வேறு காலவெளிகளில் சிதறிவிடுகிறார்கள். குடும்பத்தைத் தேடிக் காலமெல்லாம் அலைபவனாக அவன் ஆகிறான். 'நித்தியப் பயணி' என்ற பெயர் இப்படித்தான் வந்தது. இறுதியில், தான் வந்திருப்பது 1959ஆம் ஆண்டு, படையெடுப்புக்கு முன்னரான காலம் என்பதை எழுத்தாளனின் வீட்டில் உணர்கிறான். அவனது வீடு அருகிலேயே இருக்கிறது. ஓடுகிறான். மனைவியையும் மகளையும் கண்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறான். நினைவு எஞ்சியிருப்பது எழுத்தாளனிடம் மட்டுமே. இதையெல்லாம் எழுதி வெளியிட்டால் வரப்போவதைத் தடுக்கமுடியுமா என்று அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்வதுடன் தொடர் முடிகிறது.

1960களில் ஓஸ்ரர்ஹெல்ட்டின் பதிப்பகம் நொடித்துப்போனது. அவர் இடதுசாரி அரசியலை நோக்கி நகர்ந்தார். 1968இல் அல்பேர்த்தோ பிரெச்சியா, அவரது மகன் என்ரிக்கே ஆகிய ஓவியர்களுடன் சே குவேராவின் வாழ்க்கையைச் சித்திரக்கதையாக்கினார். ஓங்கானியாவின் இராணுவ ஆட்சியில் அது அடக்கப்பட்டது. 1969இல் 'ஹெந்தே' என்ற ஜனரஞ்சக வார இதழுக்காக 'எத்தர்நௌத்தா'வைப் பிரெச்சியாவின் ஓவியங்களுடன் திருத்தி எழுதினார். இம்முறை வல்லரசுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தென்னமெரிக்காவைப் படையெடுப்பாளருக்கு விட்டுக்கொடுத்துவிடுகின்றன. பிரெச்சியாவோ ஒட்டுப்படங்களாலும் கறைகளாலும், உருவங்கள் கரைந்துபோகும் ஓவியங்களைத் தந்தார். வாசகர்களிடமிருந்து முறைப்பாடுகள் வந்தன. நிர்வாகம் வாசகரிடம் வருத்தம் தெரிவித்து, தொடரை அவசரமாக முடிக்கச் செய்தது. பிரெச்சியாவின் பக்கங்கள் இன்று ஓவியமாகப் பெரிதும் போற்றப்படுகின்றன. ஆயினும் முதற்தொடரின் அயல்வீட்டு முகங்கள் அதில் இல்லை.

1970களில் ஓஸ்ரர்ஹெல்ட்டின் நான்கு மகள்மாரும் மொந்தொனேரோஸ் என்ற ஆயுத இயக்கத்தின் அரசியலில் இணைந்தனர். தந்தையும் இணைந்தார். 1976 மார்ச் 24இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வருட இறுதியில் 'ஸ்கோர்ப்பியோ' சஞ்சிகையில் 'எத்தர்நௌத்தா'வின் இரண்டாம் பாகம் ஆரம்பமாகியது. ஓவியம் மறுபடியும் சொலானோ லோப்பஸ். எழுத்தாளர் தலைமறைவாக இருந்தபடியே கதையை அனுப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாகம் நிகழ்வது ஊழி முடிந்துபோன எதிர்காலத்தில். நகரம் தரைமட்டமாகிவிட்டது. எஞ்சியோர் குகைகளில் வாழ்கிறார்கள். எழுத்தாளன் ஹெர்மான் இப்போது பாத்திரமாகக் கதைக்குள் வந்துவிடுகிறான். ஆனால் சால்வோ மாறிவிட்டான். அவனுக்கு மனிதனை மீறிய ஆற்றல்கள் உண்டு. அவன் திட்டமிடுகிறான், கட்டளையிடுகிறான். மற்றவர்கள் கீழ்ப்படிகிறார்கள். 'அவர்களின்' கோட்டையைத் தகர்ப்பதற்காக அவன் எவரையும் செலவிடத் தயார். குகைமக்கள் சாகிறார்கள். எலேனாவும் மார்த்தீத்தாவும்கூடச் சாகிறார்கள். முதற்பாகம் முழுவதும் எவர்களைத் தேடிக் காலமெல்லாம் அலைந்தானோ, அவர்களது சாவை அவன் வெற்றியின் விலையாக ஏற்றுக்கொள்கிறான். ஹெர்மானுக்குச் சந்தேகங்கள் வருகின்றன. ஆனால் கதை சால்வோவின் பக்கமே நிற்கிறது. ஃபவாலி இல்லை, பிராங்கோ இல்லை. கூட்டு நாயகனின் இடத்தில் தளபதி நிற்கிறான். தொடரின் இந்தத் திருப்பத்தில் தனக்கு உடன்பாடில்லை என்று சொலானோ லோப்பஸ் பின்னர் வெளிப்படையாகவே கூறினார்.

1977 ஏப்ரல் 27இல் லா பிளாத்தா நகரில் ஓஸ்ரர்ஹெல்ட் கடத்தப்பட்டார். தொடர் அதன்பின்னும் 1978 வரை வெளிவந்தது. மகள்மாரில் பெயத்ரிஸ் 1976 யூனில் கொண்டுசெல்லப்பட்டார். தாயிடம் திருப்பித் தரப்பட்ட ஒரே உடல் அவருடையது. டயானா அதே வருடத்திலும், மரீனா 1977 இறுதியிலும் காணாமல் ஆக்கப்பட்டனர். இருவரும் கருவுற்றிருந்தனர். எஸ்தேலா 1977 டிசெம்பரில் கொல்லப்பட்டார். மருமக்களும் தப்பவில்லை. ஓஸ்ரர்ஹெல்ட் 1978இல் கொல்லப்பட்டிருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது. சொலானோ லோப்பஸின் மகனும் கைதானார். அவரை மீட்டெடுத்துக்கொண்டு ஓவியர் ஸ்பெயினுக்கு அகதியாகச் சென்றார்.

1984இல் வெளியான 'இனி ஒருபோதும் வேண்டாம்' என்ற விசாரணைக்குழு அறிக்கை ஏறத்தாழ 9000 பேர் காணாமல் ஆக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. மனித உரிமை அமைப்புகள் கூறும் எண்ணிக்கை 30,000. தப்பிய கைதியொருவரின் சாட்சியம் அவ்வறிக்கையில் உண்டு. 1977 நத்தார் இரவில் காவலர்கள் கைதிகளின் முகமூடிகளைச் சில நிமிடங்கள் கழற்ற அனுமதித்தார்கள். அங்கிருந்தவர்களில் மூத்தவன் என்ற முறையில், ஓஸ்ரர்ஹெல்ட் ஒவ்வொரு கைதியிடமும் போய்க் கைகொடுத்தார். கூட்டு நாயகனை எழுதிய மனிதரை நான் இந்த இடத்தில் மறுபடியும் காண்கிறேன்.

எஞ்சியவர் மனைவி எல்சா சாஞ்செஸ். பேரர்கள் இருவர் பிழைத்தனர். அவர் மாயோ சதுக்கப் பாட்டிமார் அமைப்பில் இணைந்து, 2015இல் இறக்கும்வரை ஏனைய பேரப்பிள்ளைகளைத் தேடினார். கொலைகாரர் இராணுவத்தினர் என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. அதேவேளை, இளம்பிள்ளைகளைச் சாவுக்குள் அனுப்பிய இயக்கத் தலைமையை விமர்சிக்கவும் அவர் தயங்கவில்லை. அத்தலைமை வெளிநாட்டுக்குப் போய்விட்டிருந்தது. 1979, 1980இல் அங்கிருந்தபடியே 'எதிர்த்தாக்குதல்' என்று அறிவித்து உறுப்பினர்களை நாட்டுக்குத் திருப்பி அனுப்பியது. திரும்பியவர்களில் பலர் கொல்லப்பட்டனர்.

எனது சங்கடம் இதுதான். தியாகியான ஒருவரின் கடைசிப் பிரதியை விமர்சிக்கலாமா? எமது சூழலில் இக்கேள்விக்கு இரண்டு தயாரான பதில்கள் உண்டு. மரணம் பிரதியைப் புனிதமாக்கிவிட்டது, வாயை மூடு என்பது ஒன்று. ஆயுதம் தூக்கினார்கள், அழிந்தார்கள், அரசை மட்டும் குற்றம் சொல்லாதே என்பது மற்றது. இரண்டுமே பொய். எல்சா இரண்டையும் நிராகரித்தார். தலைமையை விமர்சித்ததால் இராணுவத்தின் குற்றம் அவருக்கு ஒரு இறாத்தலும் குறையவில்லை. மகள்மாரின் மரணம் தலைமைக்குப் பாவமன்னிப்பும் வழங்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். தலைமறைவில், ஒரு மகளின் உடலைப் பெற்ற பின்னர், இன்னொரு மகளைப் பற்றித் தகவலேதும் இல்லாத நிலையில் எழுதியவர், மனைவியும் மகளும் சாவதைச் சகித்துக்கொள்ளும் ஒரு சால்வோவை ஏன் எழுதினார்? அது கொள்கை மட்டுந்தானா, அல்லது தாங்கமுடியாததைத் தாங்கும் ஒரு வழியா? அப்படியும் வாசிக்கலாம். ஆனால் வலியிலிருந்து பிறந்தது என்பதற்காக ஒரு பதில் சரியானதாகிவிடாது. கூட்டு நாயகன் இரும்புக்கடைக்குப் போய்ப் பொருள் தேடி எல்லோரையும் உயிரோடு வைத்திருக்க முயன்றான். தளபதி மக்களைச் செலவுக்கணக்கில் எழுதினான். எமது இயக்கங்களின் வரலாற்றை வாழ்ந்து கடந்த எமக்கு இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் விடும் உரிமை இல்லை.

2025 ஏப்ரல் 30இல் இக்கதை நெட்ஃபிளிக்ஸில் தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. சிறையில் பிறந்திருக்கக்கூடிய ஓஸ்ரர்ஹெல்ட்டின் பேரப்பிள்ளைகள் பற்றிய தேடலும் அதனுடன் மறுபடி பேசப்பட்டது. பாட்டிமார் 2025 வரை 140 பேரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1980இல் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐக்கிய நாடுகளின் செயற்குழு உருவாவதற்கு இந்நாட்டுத் தாய்மாரின் போராட்டமும் காரணம். எமது தாய்மார் தமது பிள்ளைகளின் பெயர்களைக் கொண்டுபோய்ப் பதிந்ததும் அதே செயற்குழுவிடந்தான்.

முதற்பாகத்தைத் தமிழில் கொண்டுவர எவராவது முன்வந்தால் நன்று. அப்படி வரும்போது இரண்டாம் பாகத்தையும் மறைக்காமல் சேர்த்தே கொண்டுவரவேண்டும் என்பது என் கோரிக்கை. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதவேண்டும்.